பூனைக்கு ஒரு பொட்டு

கதவில் ஓட்டை போடுவதா விடுவதா என்ற வழக்கு எங்கள் வீட்டில் ஒரு மாரிகாலம் முழுவதும் நடந்தது. வழக்காளி மகள். எதிராளி நான். நீதிபதியாக இருக்கவேண்டிய மனைவி முதல் வாரத்திலேயே மகளின் பக்கம் போய்விட்டார். வழக்குக்குக் காரணமான பூனை பெரும்பாலும் நித்திரையில் இருந்தது.

விளையாட்டாகத் தொடங்கிய விடயம்தான். ஆனால் நாள் போகப்போக எனக்குள் அது வேறொரு கேள்வியாக வளர்ந்துவிட்டது. கதவைத் தட்டி, பெயர் சொல்லி, உள்ளே வரலாமா என்று கேட்டு வருவது ஒன்று. ஒருவரையும் கேளாமல் தன்பாட்டில் வருவதும் போவதும் வேறொன்று. இந்த இரண்டாவது உரிமையை ஒரு வீடு யாருக்குக் கொடுக்கிறது? எதற்காகக் கொடுக்கிறது? பூனையை வைத்துக்கொண்டு இதையெல்லாம் யோசிக்கவேண்டுமா என்று சிலர் சிரிக்கக்கூடும். எனக்கு இந்தக் கேள்வி வந்தது பூனையால்தான். அதை மறைப்பதற்கில்லை.

ஹவுகன்ஸ்டுவாவைத் தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். ஒஸ்லோவின் வடகிழக்கு ஓரத்தில், குரோருட் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில், எழுபதுகளின் தொடக்கத்தில் கட்டிய அடுக்குமாடிகள் வரிசையாக நிற்கிற இடம். கீழே ரயில் பாதை போகிறது. 1854இல் திறந்த நோர்வேயின் முதலாவது ரயில் பாதை அது. பக்கத்தில் ஸ்தொவ்னர், ரொம்மன். இந்தப் பள்ளத்தாக்கில் எங்கு இறங்கினாலும் தமிழ்க்குரல் ஒன்று காதில் விழும். எங்களுடையது நிலமட்டத்து வீடு. முன்னால் நாலடி சீமெந்து, அதற்கப்பால் எல்லோருக்கும் பொதுவான புல்தரை. எங்களுக்கு முன் இருந்தவர்கள் பழைய வெளிக்கதவையும் யன்னலையும் கழற்றிவிட்டு, மூன்று மடலாக மடிகிற கண்ணாடிக் கதவு ஒன்றைப் போட்டிருந்தார்கள். கோடையில் முழுவதையும் மடித்து ஒதுக்கினால் விறாந்தையில் இருப்பது போலிருக்கும். இந்த நாட்டில் அதற்கு வருடத்தில் இருபது நாள் கிடைத்தால் அதிகம்.

இந்தக் கதவில்தான் பூனைக்கு வழி வெட்டவேண்டும் என்பது மகளின் கோரிக்கை. நான் என் தத்துவங்களை எடுக்க முன்னரே, கண்ணாடி போடுகிற மனிதர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். மரக்கதவென்றால் ஊரில் ஆசாரியார் அரைமணித்தியாலத்தில் வாள் ஓட்டிவிடுவார். இது வாள் ஓட்டுகிற விடயம் அல்ல. இந்தக் கண்ணாடியை அறுநூறு பாகைக்கு மேல் சூடாக்கிச் சடாரென்று காற்றால் குளிர்விக்கிறார்கள். அதனால் வெளித்தோல் இறுகி, உள் இழுபட்டபடி நிற்கும். அந்த இழுவைதான் அதன் பலம். துளைபோட ஓர் இடத்தில் தொட்டால் முழுக்கண்ணாடியும் கல்லுப்பு மாதிரி உதிர்ந்துவிடும். பதப்படுத்திய பின் அதில் ஓட்டை போட ஒரு வழியும் இல்லை, போடுவதென்றால் பதப்படுத்த முன்னர் போட்டிருக்கவேண்டும். (நாடு விட்டு வந்து ஐம்பது வயதைத் தாண்டியவர்களைப் பற்றியும் இதைச் சொல்லலாம் என்று அப்போது நினைத்தேன். அவரிடம் சொல்லவில்லை.) அதோடு, ஒன்றல்ல, மூன்று கண்ணாடிகள். நடுவில் ஆர்கன் வாயுவை அடைத்து ஓரத்தை ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டு விட்டால் வாயு போகும், ஈரம் புகும், கண்ணாடி உள்ளுக்குள் வேர்க்கும்.

மடிகிற கதவாக இருப்பது இன்னொரு தொல்லை. இழுத்துத் திறக்கிற கதவென்றால், கதவுக்கும் நிலைக்கும் இடையில் பூனை வாசலோடு கூடிய ஒடுங்கிய நெட்டுப் பலகை ஒன்றை நிறுத்திக் கதவை அதுவரை இழுத்துவிடலாம். அப்படிக் கடைகளில் விற்கிறார்கள். மடிப்புக் கதவில் மடல்கள் பிணைச்சல்களோடு ஒன்றன்மேல் ஒன்று வந்து ஒட்டுவதால் இடையில் எதையும் நிறுத்த முடியாது. மடித்து வைக்கும்போது இரண்டு மடல்களுக்கு நடுவே மிஞ்சுவது ஒரு விரல் இடம். பூனை வாசலின் சட்டம் உள்பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும். பிழையான மடலில் போட்டால், கோடையில் முதல் தடவை மடிக்கும்போதே பக்கத்துக் கண்ணாடியில் போய் முட்டும். ஆகவே தனியாகத் திறக்கக்கூடிய முதல் மடலில்தான் போடலாம். அதுவும் மடித்த பின் புடைப்பு எந்தப் பக்கம் பார்த்து நிற்கும் என்று கணக்குப் பார்த்துத்தான். அந்த மடலின் கண்ணாடியை முழுதாகக் கழற்றி, கீழ் மூன்றிலொரு பங்குக்கு நடுவில் நுரை வைத்த தகடும் மேலே புதிய கண்ணாடியும் போட்டு, தகட்டில் வாசல் வெட்டவேண்டும். விலையைக் கேட்டதும் என் கட்சி பலமடைந்துவிட்டது என்று நினைத்தேன்.

கட்டிடத்தின் முகம் தனியாருக்குச் சொந்தமில்லை என்ற விடயமும் இருந்தது. இங்கே வீடு எங்களுடையது என்று சொல்லிக்கொண்டாலும், உண்மையில் பொறெத்ஸ்லாக் என்கிற குடியிருப்புக் கூட்டுறவுச் சங்கத்தில் எங்களுக்கு ஒரு பங்கும், அதனால் வருகிற குடியிருக்கும் உரிமையும்தான் உண்டு. வெளிக்கதவை மாற்றச் சங்கத்தின் சம்மதம் வேண்டும். கடிதம் எழுதும் பொறுப்பை மகள் ஏற்றாள். அவள் சட்டப் புத்தகத்தையே புரட்டிவிட்டாள். இந்தச் சங்கங்களைப் பற்றிய 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது: சங்கம் பிராணி வளர்ப்பதைத் தடைசெய்திருந்தாலும், தகுந்த காரணம் இருந்து மற்றவர்களுக்கு இடைஞ்சலும் இல்லையென்றால் குடியிருப்பவர் வளர்க்கலாம். 2009ஆம் ஆண்டின் பிராணிகள் நலச் சட்டம் இன்னும் ஒரு படி போகிறது. மனிதருக்கு என்ன பயன் என்பதைப் பாராமலே மிருகத்துக்குத் தன்னளவில் ஒரு மதிப்பு உண்டு என்று அதன் மூன்றாம் பிரிவு சொல்கிறது. ஆதரவற்று நிற்கும் மிருகத்தைக் கண்டவர் இயன்றவரை உதவவேண்டும் என்பது நாலாம் பிரிவு. பயனைப் பாராமல் ஓர் உயிருக்கு மதிப்புண்டு என்று சட்டத்தில் எழுதிய நாட்டில் இருக்கிறோம். அகதி விண்ணப்பம் எழுதும்போது, நாங்கள் இந்த நாட்டுக்கு எவ்வளவு பயனுள்ளவர்கள் என்று நிரூபிக்கத் துடித்த நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன.

பூனை வாசலின் சரித்திரத்தைப் பார்த்தால் அங்கே பயன்தான் முன்னுக்கு நிற்கிறது. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பேராலயத்தில் 1305 முதல் 1467 வரை பூனைக்கென்று வாரம் ஒரு பென்னி கணக்கில் எழுதியிருக்கிறார்கள். 1598இல் அங்கே மணிக்கூட்டுக்குக் கீழுள்ள கதவில் ஓட்டை வெட்டத் தச்சருக்குக் கூலி கொடுத்த பதிவும் உண்டு. எலிகளுக்காகத்தான். நோர்வேயின் பழைய தானியக் களஞ்சியங்களின் கதவில் பூனை புக ஓட்டை விட்டதும் அதற்காகவே. பெரிய பூனைக்குப் பெரிய ஓட்டை, குட்டிக்குச் சின்ன ஓட்டை என்று நியூட்டன் இரண்டு போட்டதாகச் சொல்கிற கதை வெறும் பகிடி. அவரிடம் உதவியாளராக இருந்தவர், அந்த அறையில் நாயும் இருந்ததில்லை பூனையும் இருந்ததில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் எலி இல்லை. பூனைக்கு வேலையும் இல்லை. அப்படியிருக்க அதற்கு எதற்குத் தனிவாசல் என்பதே என் முதல் வாதம்.

இரண்டாவது வாதம் பாதுகாப்பு. ரயில், கார், நரி, இருபது பாகை உறைகுளிர். மூன்றாவதைப் பக்கத்து வீட்டு நோர்வேஜிய அம்மா தந்தார்: வைகாசி, ஆனியில் குருவிகள் குஞ்சு பொரிக்கும் காலம், உங்கள் பூனையின் சுதந்திரம் அவற்றின் சாவு. இதற்கு எங்கள் யாரிடமும் நல்ல பதில் இருக்கவில்லை. இப்போதும் இல்லை. அந்த இரண்டு மாதமும் இரவிலும் விடியலிலும் வாசலைப் பூட்டி வைப்பதாக ஒப்புக்கொண்டோம். பாதுகாப்பைப் பற்றிய வாதத்துக்கு மட்டும் மகள் பதில் சொன்னாள். “அப்பா, எனக்கும் உதைத்தானே சொன்னனீங்கள். வெளியில போகாத, இருட்டுது, பனி, ஆக்கள் சரியில்லை.” அதற்குப் பிறகு அந்த வாதத்தை நான் எடுக்கவில்லை.

கடைசியில் வாசலைத் தெரிவுசெய்யக் கடைக்குப் போனோம். சாதாரண பூனை வாசல்களில் நாலு நிலையுள்ள ஒரு பூட்டு இருக்கிறது. வரவும் போகவும் முடியும், வரமட்டும் முடியும், போகமட்டும் முடியும், இரண்டும் முடியாது. ஒரு சின்னப் பிளாஸ்ரிக் சாவியைத் திருப்பினால் போதும். கடைக்காரப் பெடியன் திருப்பித் திருப்பிக் காட்டியபோது, என் வாழ்க்கையை யாரோ விளக்குவது போலிருந்தது. எங்களுக்குத் தந்த அகதிப் பயணப் பத்திரத்தில் எல்லா நாட்டுக்கும் போகலாம், சொந்த நாட்டுக்கு மட்டும் போகமுடியாது. வரமட்டும் முடியும் என்ற இரண்டாம் நிலை அது. 1795இல் இம்மானுவல் கான்ட், அந்நியனுக்கு இருப்பது விருந்தாளியின் உரிமை அல்ல, வந்துபார்க்கும் உரிமை மட்டுமே என்று எழுதினார். அவனைத் திருப்பி அனுப்பலாம், அனுப்புவதால் அவன் அழிந்துபோவானென்றால் மட்டும் அனுப்பக்கூடாது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 33ஆம் பிரிவைப் படிக்கிறபோது கான்டின் இந்த வரம்புதான் எனக்கு ஞாபகம் வருகிறது. எங்களில் பலர் உயிரோடு இருப்பது அந்தச் சிறு இடைவெளியால்தான். நன்றியில்லாமல் இதைச் சொல்லவில்லை. ஆனால் அது கேட்டு வருகிற வாசல். கேளாமல் வருகிற வாசல் அல்ல.

மகள் விரும்பியது இதைவிட நவீனமானது. பூனையின் தோலுக்குக் கீழே அரிசிமணி அளவில் ஒரு சிப் இருக்கிறது. அதில் பதினைந்து இலக்கம். வாசல் அந்த இலக்கத்தை வாசித்து, தெரிந்த இலக்கமென்றால் மட்டும் திறக்கும். வேறு பூனை வந்து தலையால் முட்டினாலும் அசையாது. எனக்குப் பொறுக்கவில்லை. 2003இல் ஐரோப்பா அகதிகளின் விரலடையாளங்களை ஒரே கணினியில் சேர்க்கத் தொடங்கியது. ஒரு நாட்டில் கைவைத்தவன் இன்னொரு நாட்டின் கதவுக்கு வந்தால் அந்தக் கணினி காட்டிக்கொடுத்துவிடும். அதே யந்திரத்தை என் வீட்டுக் கதவில் நானே காசு கொடுத்துப் பூட்டுவதா? சாப்பாட்டு மேசையில் கொஞ்சம் உரக்கவே பேசிவிட்டேன் போலிருக்கிறது. மனைவி கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

“முன்கதவுக்கு ரெண்டு பூட்டும் ஒரு சங்கிலியும் போட்டிருக்கிறியள். பூனைக்கதவுக்கு மட்டும் கொள்கையோ?”

எனக்குப் பதில் வரவில்லை. பதிலைத் தேடித்தான் ஊருக்குப் போனேன், மனதால்.

எங்கள் ஊர் வேலிகளில் பொட்டு இருக்கும். நெற்றியில் வைக்கிற பொட்டு அல்ல. பூவரசும் கிளுவையும் நட்டுக் கிடுகு வரிந்த வேலியில், இரண்டு கதியாலுக்கு நடுவே கொஞ்சம் விலக்கி விட்ட வழி. ஆள் குனிந்து போகலாம், கோழியும் நாயும் நிமிர்ந்து போகலாம். படலை தெருவுக்கு, பொட்டு அயலுக்கு. கறி குறைந்தால், தேங்காய் திருவலை தேவைப்பட்டால், பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் பொட்டால்தான் போவார்கள். படலையால் வருகிறவர் ‘வீட்டுக்காரர்’ என்று கூப்பிடவேண்டும். பொட்டால் வருகிறவர் கூப்பிடுவதில்லை, அவர் குரல் குசினிக்குள்தான் முதலில் கேட்கும். சண்டை வந்தால் பொட்டை அடைப்பார்கள். பொட்டடைத்தது ஊருக்கே தெரிந்துவிடும். குறுந்தொகையில் 118ஆம் பாட்டில், இரவு வாசலை அடைக்க முன் இன்னும் வருகிறவர்கள் உண்டா என்று கேட்கிற வழக்கம் வருகிறது. தமிழனின் விருந்தோம்பலுக்குச் சாட்சியாக மேடைகளில் இதைச் சொல்லி நானும் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அந்தப் பாட்டில் தலைவி தேடுகிறவன் வரவில்லை, அவள் துயரம்தான் பாட்டு என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை.

இந்தப் பொட்டை மனைவிக்குப் பதிலாகச் சொல்ல நினைத்தேன். பார், எங்களுக்கு இலக்கம் கேட்காத வாசல் இருந்தது என்று. சொல்ல வாயெடுத்தபோதுதான் எங்கள் வீட்டுக் கோடிப்புறத்துப் பொட்டு ஞாபகம் வந்தது.

அது அயலவருக்கான பொட்டு அல்ல. எங்களுக்குத் தேங்காய் பறித்து, வேலி அடைத்து, செத்தவீட்டுக்குப் பந்தல் போட்டுத் தந்த ஒரு மனிதர் வருகிற வழி. அவர் படலையால் வந்ததை நான் பார்த்ததில்லை. கோடிப்பக்கத்தால் வந்து, கிணற்றைத் தொடாமல் தள்ளி நின்று செருமுவார். அம்மம்மா சிரட்டையில் தண்ணீர் வார்ப்பா. எட்டு வயதுப் பையனாகிய நான் அவரைப் பெயர் சொல்லி ‘வா, போ’ என்றுதான் கூப்பிட்டேன். அதை யாரும் திருத்தவில்லை. எங்கள் வீட்டுப் பூனை அந்த நேரம் அடுப்படியில், சாம்பல் சூட்டில், அம்மம்மாவின் சேலைத் தலைப்புக்கு மேல் படுத்திருக்கும். பூனை பால்சட்டியில் வாய் வைத்தால் ஏசிவிட்டுச் சட்டியைக் கழுவினார்கள். அந்த மனிதர் குசினி வாசலை மிதித்திருந்தால் என்ன கழுவியிருப்பார்கள் என்று நினைக்கவே கூசுகிறது. 1957இல் இலங்கைப் பாராளுமன்றம் தீண்டாமைக்கு எதிராகச் சட்டம் போட்டது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் உள்ளே விடும்படி சனம் சத்தியாக்கிரகம் இருந்தது. கோவிலுக்குள்ளும் பூனைகள் போய்வந்துகொண்டுதான் இருந்திருக்கும், எந்தக் கோவிலில் பூனை இல்லை? எங்கள் வேலிகளுக்குச் சிப் தேவைப்படவில்லை. யார் எந்த ஓட்டையால் எவ்வளவு தூரம் வரலாம் என்ற இலக்கம் ஒவ்வொருவர் தோலுக்குக் கீழும் பிறக்கும்போதே இருந்தது. வாசிக்கத் தெரியாத ஆளும் ஊரில் இல்லை.

இங்கே வந்து, கதவடைத்த ஐரோப்பியனைப் பற்றி நாங்கள் எழுதிய கட்டுரைகள் எத்தனை! பொட்டுக்கு வெளியே நின்று செருமியவரைப் பற்றி நான் எழுதுவது இதுவே முதல் தடவை. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

அம்மாவிடமும் ஒரு கதவுக் கதை இருந்தது. 1995 ஐப்பசி 30 இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது அவரும் நடந்தார். நான் அப்போது ஒஸ்லோவில் ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்தேன். பிறகு அம்மா சொன்னது இது: மாட்டை அவிழ்த்துவிட்டார். முன்கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துப் பூட்டித் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்தார். படலைவரை போனவர் திரும்பி வந்து, குசினி யன்னலின் ஒரு பலகையை மட்டும் திறந்து விட்டாராம். “பூனை உள்ளுக்க நிண்டுதடா தம்பி.” 1996 சித்திரைக்குப் பிறகு சனம் திரும்பத் தொடங்கியபோது அவரும் போனார். ஓடு இல்லை. நிலையும் இல்லை, கதவும் இல்லை. திறப்பு மட்டும் கையில் இருந்தது. யன்னல் இருந்த இடத்தில் பெரிய ஓட்டை. அடுப்படியில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. அது எங்கள் பூனைதானா என்று கேட்டேன். “ஆர் கண்டது. நிறம் அதுதான். என்னைக் கண்டு சீறிச்சுது” என்றார்.

2011இல் அம்மா மோசம்போகும்வரை அந்தத் திறப்பு அவரிடம் இருந்தது. இப்போது என்னிடம் இருக்கிறது. கொள்கை பேசிய அந்த இரவு அதை எடுத்துப் பார்த்தேன். அம்மா கதவைப் பூட்டியதும் சரி, யன்னலைத் திறந்து விட்டதும் சரி என்றே எனக்குப் பட்டது. இரண்டையும் ஒரே கையால்தான் செய்தார், இடையில் படலைவரை போய்வந்த தூரம்தான். அந்தத் தூரத்தில் அவர் கொள்கை எதையும் யோசித்திருக்க மாட்டார். யார் உள்ளே நிற்கிறது என்பதை மட்டும் யோசித்தார்.

வழக்கில் நான் தோற்றேன் என்று எழுதுவதா ஒத்துப்போனேன் என்று எழுதுவதா தெரியவில்லை. சங்கம் சம்மதக் கடிதம் அனுப்பியது. பங்குனியில் மடலைக் கழற்றித் தகடு போட்டு, சிப் வாசிக்கிற வாசலையே பூட்டினோம். பூனையின் இலக்கம் 578 என்று தொடங்குகிறது. சர்வதேச அட்டவணையில் நோர்வேக்கான எண் அது. எங்கள் வீட்டில் அந்த எண்ணோடு பிறந்தது மகள் ஒருத்திதான். வாசலின் கையேட்டைப் படித்துப் பார்த்தேன். முப்பத்திரண்டு பூனைகளின் இலக்கத்தை அது ஞாபகம் வைத்திருக்குமாம். நாங்கள் கொடுத்தது ஒன்று. முப்பத்தொன்று இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது.

இதை எழுத வைத்தது போன கார்த்திகையில் நடந்த சங்கதி. இந்த நாட்டில் கோடைப்பூனை என்று ஒரு சொல் உண்டு. கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளின் ஆசைக்கு எடுத்து, இலையுதிர் காலத்தில் விட்டுவிட்டுப் போகிற பூனை. அப்படியொன்றாக இருக்கவேண்டும், மண்ணிறத்தில், ஒரு காது கிழிந்தது. எங்கள் பூனை வெளியிலிருந்து வாசலால் நுழைந்ததும் பின்னால் வந்து தலையால் முட்டியது. வாசல் திறக்கவில்லை. மறுபடி முட்டியது. பிறகு கண்ணாடிக்கு வெளியே இருந்து எங்கள் மேசையைப் பார்த்தது. மகள் என்னைப் பார்த்தாள். மனைவியும் பார்த்தார்.

நான் எழும்பிப் போய் மடிப்புக் கதவின் முதல் மடலைத் திறந்தேன். குளிர் மொத்தமாக உள்ளே வந்தது. பூனை இரண்டடி பின்னால் போய் நின்றது. கூப்பிட்டேன், தமிழில். மகள் நோர்வேஜிய மொழியில் கூப்பிட்டாள். கிண்ணத்தில் மீனை வைத்துத் தள்ளினேன். அது மீனைப் பார்க்கவில்லை, திறந்த கதவையே பார்த்துக்கொண்டு நின்றது. கையை நீட்டியபோது சீறிவிட்டுப் புல்தரைக்கு மேலால், ரயில் பாதைப் பக்கம் போய்விட்டது. காலையில் கிண்ணம் வெறுமையாக இருந்தது. நரியாகவும் இருக்கலாம்.

அன்றிலிருந்து இரவில் கிண்ணத்தை வெளியில் வைக்கிறோம்.